அச்சாணிக்காரர்கள் பூனைகள் ஆன கதை

கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகிறவர்கள் நம்மில் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜிலாங் நகரத்துக்காரர்களோ அந்தப் பூனையை வலியக் கூப்பிட்டு வீட்டோடு வைத்துக்கொண்டவர்கள். 1923-இல் ஊர்க் கால்பந்து அணி (நாம் அறிந்த கால்பந்து அல்ல, அவர்கள் 'ஃபுட்டி' என்று அழைக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுக்கொண்டிருந்தது. இவர்களுக்கு ஒரு கறுப்புப் பூனை கிடைத்தால்தான் நல்ல காலம் பிறக்கும் என்று கேலிச்சித்திரக்காரர் ஒருவர் பத்திரிகையில் யோசனை சொன்னார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் கறுப்புப் பூனை அதிர்ஷ்டத்தின் அடையாளம். குடியேறியவர்களோடு அந்த நம்பிக்கையும் கப்பலேறி வந்திருந்தது. கேலிக்குப் போட்டதை ஊர் மெய்யாகவே எடுத்துக்கொண்டது. அன்று முதல் அந்த அணிக்குப் பெயர் 'கேட்ஸ்', பூனைகள்.

எதிரணிகளின் பட்டப்பெயர்கள் புலி, சிங்கம், பருந்து என்று இருக்கும் போட்டியில் பூனை என்ற பெயரோடு பத்துக் கோப்பை வாங்கியவர்கள் இவர்கள். ஆனால் என்னை இழுத்தது கோப்பைக் கணக்கு அல்ல. 1859-இலிருந்து இந்தக் கிளப்புக்கு ஒட்டிய பெயர்கள் கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் வேறு யாரோ வைத்ததாகவோ, தவறிப்போய் வந்து சேர்ந்ததாகவோ இருக்கிறது. ஊரார் தாமே மார்தட்டிச் சூட்டிக்கொண்ட பெயர் ஒன்றே ஒன்றுதான். அது நிற்கவில்லை.

முதலில் ஊர்ப்பெயர். மெல்பர்னிலிருந்து தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டரில், ஒரு சிறு விரிகுடாவின் கரையில் இருக்கிறது ஜிலாங். எழுத்தைப் பார்த்து 'ஜீலாங்' என்று நாம் நீட்டுவோம். ஊர்க்காரர் வாயில் முதலசை குறுகி, அழுத்தம் இரண்டாவதில் விழும். 1824 டிசம்பரில் ஹியூம், ஹோவெல் என்ற இரு பயணிகள் நியூ சவுத் வேல்ஸிலிருந்து தரைவழியாக நடந்து இந்தக் கரைக்கு வந்தார்கள். வந்து சேர்ந்த இடம் வெஸ்டர்ன் போர்ட் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நின்றது வேறொரு விரிகுடாவின் ஓரத்தில். அங்கிருந்த பழங்குடியினரைக் கேட்டு, நிலத்துக்கு 'கோரயோ' என்றும் நீருக்கு 'ஜிலாங்' என்றும் குறித்துக்கொண்டார்கள். பின்னால் 1838-இல் நகரத்துக்கு மனை அளந்தபோது பெயர்கள் இடம் மாறியிருந்தன. கடலின் பெயர் ஊருக்கு வந்தது. நிலத்தின் பெயர் 'கோரியோ விரிகுடா' என்று தண்ணீரில் போய் விழுந்தது. தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கிய அதே காதுகள்தான், ஓசையைத் திரித்ததோடு அங்கே விலாசத்தையும் மாற்றிவிட்டன.

அந்த மண்ணின் மக்கள் வாதவுரங் இனத்தார். இப்பெயரின் பின்பாதியான 'வுரங்' என்ற சொல்லுக்கு அந்தப் பகுதி மொழிகளில் வாய் என்றும் பேச்சு என்றும் பொருள். பக்கத்து இனங்களின் பெயர்களும் வோய்வுரங், பூன்வுரங் என்று அதே வாலோடுதான் முடியும். வாயையும் மொழியையும் சேர்த்து 'வாய்மொழி' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது புரியாத வழக்கம் அல்ல. 'ஜிலாங்' என்பதற்குக் கடலுக்குள் நீண்ட நிலநாக்கு என்று ஒரு பொருளும், செங்குத்துக் கரை என்று இன்னொரு பொருளும் சொல்கிறார்கள். இரண்டுமே நிலத்தைப் பற்றியவை. நீரின் பெயர் என்று பயணிகள் எழுதிவைத்ததற்கு நிலத்தின் பொருள் எப்படி வந்தது என்று யோசித்தால், இடம் மாறிய பெயர் தன் வீட்டுக்கே திரும்பிவிட்டதோ என்றுகூடத் தோன்றும். அது என் ஊகம். ஆராய்ச்சி முடிவு அல்ல.

இனி, மார்தட்டிச் சூட்டிய பெயர். 1850-களில் பல்லரட் பக்கம் தங்கம் கிடைத்தது. கப்பலில் இறங்கிய கூட்டம் ஜிலாங் வழியாகத் தங்கவயலுக்குப் போயிற்று. உள்நாட்டுக் கம்பளி ஜிலாங் வழியாகக் கப்பலேறிற்று. 1857-இல் மெல்பர்னுக்கு ரயில் பாதை, 1862-இல் பல்லரட்டுக்கு ஒன்று. குடியேற்ற நாடே எங்களைச் சுற்றித்தான் சுழல்கிறது என்று ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு. அதனால் தங்கள் ஊரை 'பிவட்' என்றார்கள். இரும்பாசாரி சொல்லும் சுழல்முளை அது. பெருமையும் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதால் 'அச்சாணி' என்றே வைத்துக்கொள்கிறேன். ஊர் அச்சாணி என்றால் ஆட்டக்காரர்கள் 'பிவடோனியன்ஸ்', அச்சாணிக்காரர்கள்.

பெயருக்கேற்ற ஆட்டமும் இருந்தது. கிளப் தொடங்கியது 1859 ஜூலையில். மெல்பர்ன் கிளப் தன் விதிகளை எழுதிவைத்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் முதலில் வைத்து எண்ணப்படும் டாம் வில்ஸ் பிறகு ஜிலாங்குக்காக ஆடினார். விக்டோரியா கால்பந்துச் சங்கம் 1877-இல் அமைந்தது. 1878 முதல் 1886 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஜிலாங்தான் முதலிடம். 1897-இல் எட்டு கிளப்புகள் பிரிந்து விக்டோரியா கால்பந்து லீக்கைத் தொடங்கியபோது, ஏழு மெல்பர்னுக்குள் இருந்தன. வெளியூர் ஒன்றே ஒன்று: இவர்கள்.

அந்த 'வெளியூர்' என்ற சொல்லில்தான் அச்சாணி கழன்றது. தங்கவயல்களுக்கு மெல்பர்னிலிருந்தே ரயில் போனது. பணம், துறைமுகம், அரசாங்கம் எல்லாம் தலைநகரில் குவிந்தன. மெல்பர்ன்காரர்கள் ஜிலாங்குக்கு வைத்த பெயர் 'ஸ்லீப்பி ஹாலோ'. வாஷிங்டன் இர்விங் எழுதிய அமெரிக்கக் கதை ஒன்றில் வரும் தூங்குமூஞ்சிப் பள்ளத்தாக்கு அது. புதிய லீக்கில் இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் ஜிலாங் ஒரு கோப்பையும் தொடவில்லை. சுழலாத ஊரை அச்சாணி என்று எத்தனை நாள் சொல்வது?

இடையில் 'சீகல்ஸ்', கடற்காகங்கள் என்ற பெயரும் புழங்கியது. அணியின் உடை கருநீலமும் வெள்ளையுமாகக் குறுக்குப் பட்டை போட்டது. நீலம் விரிகுடாவின் தண்ணீர், வெள்ளை அதன்மேல் பறக்கும் கடற்காகம் என்று ரசிகர்கள் விளக்கம் சொல்வார்கள். அந்த உடைக்கே ஒரு தனிச் சொல் உண்டு. நாம் ஜெர்சி என்போம். ஃபுட்டிக்காரர்கள் 'கெர்ன்ஸி' என்பார்கள். ஜெர்சியும் கெர்ன்ஸியும் ஆங்கிலக் கால்வாயில் உள்ள அண்டைத் தீவுகள். இரண்டும் மீனவர்களின் கம்பளிச் சட்டைக்குப் பேர்போனவை. உலகம் ஒரு தீவைப் போட்டுக்கொண்டது, ஆஸ்திரேலியா மற்றதை. "அவனுக்குக் கெர்ன்ஸி கிடைத்தது" என்றால் அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அலுவலகப் பதவிக்கும் இதையே சொல்வார்கள்.

பூனை வந்த ஆண்டோடு ஒரு மனிதரின் காலமும் முடிந்தது. சார்லஸ் பிரவுன்லோ ஜிலாங்கின் ஆட்டக்காரராக, தலைவராக இருந்து, பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டு செயலாளராக இருந்தவர். 1924 தொடக்கத்தில் இறந்தார். அவர் நினைவாக லீக் ஒரு பதக்கம் அடித்தது. ஆண்டின் மிகச் சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்கு இன்றுவரை தரும் 'பிரவுன்லோ பதக்கம்' அதுதான். முதல் பதக்கம் போனதும் ஜிலாங் ஆளுக்கே. எட்வர்ட் கிரீவ்ஸ் என்பது ஞானஸ்நானப் பெயர். ஊர் கூப்பிட்டது 'கார்ஜி'. குழந்தைப் பருவத்தில் யாரோ, அப்போது ஓடிய ஓர் இசை நாடகத்தில் வந்த 'போங்' நாட்டு ராஜாவின் பெயரைச் சுருக்கி வைத்தது. இல்லாத நாட்டு ராஜாவின் பெயரில்தான் இன்றைக்கு அந்தக் கிளப் தன் ஆண்டு விருதைத் தருகிறது.

பூனை பலித்தது என்று சொல்லவே வேண்டியிருக்கிறது. 1925-இல் காலிங்வுட்டை வென்று முதல் லீக் பட்டம். அதே ஆண்டு ஜிலாங்கில் ஃபோர்டு கார் தொழிற்சாலை தொடங்கியது, அணிக்கு ஆதரவாளரும் ஆயிற்று. தொழிற்சாலை 2016-இல் மூடிவிட்டது. ஆதரவு மட்டும் தொடர்கிறது. பிறகு 1931, 1937-இலும் பட்டம். உலகப் போரில் பெட்ரோல் பங்கீடும் பயணக் கட்டுப்பாடும் வந்து, 1942, 1943 இரண்டு பருவமும் அணி ஆடவில்லை. வெளியூராக இருந்ததற்குக் கொடுத்த விலை அது. 1951, 1952-இல் அடுத்தடுத்துப் பட்டம்; 1952, 53-இல் தொடர்ந்து 23 வெற்றி என்ற சாதனையை இன்னும் யாரும் எட்டவில்லை.

1963 பட்டத்தில் இன்னொரு பட்டப்பெயர் ஒளிந்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நூங்கார் பழங்குடி ஆட்டக்காரர் கிரஹாம் ஃபார்மரை எல்லோரும் 'பாலி' என்றே அறிவார்கள். நம் வீட்டுக் கிளியைக் கேட்காமலே 'அக்கா' என்று பேசவைப்பதுபோல, ஆங்கிலேயர் வீட்டுக் கிளிக்கெல்லாம் பெயர் பாலி. சிறுவனாக ஓயாமல் பேசியதால் வந்தது. பந்தைக் கையால் குத்தி அனுப்பும், அதுவரை வழியில்லாதபோது மட்டும் செய்துவந்த கையடிப் பாஸை அவர் தாக்குதலின் ஆயுதமாக மாற்றினார்.

அதன் பிறகு 44 ஆண்டு வறட்சி. இந்த விளையாட்டில் நடு இரு கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. அதற்குப் பெயர் 'பிஹைண்ட்', கோலில் புகாமல் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் போய்விட்டது என்ற பழைய கணக்கு. 1989 இறுதி ஆட்டத்தில் ஜிலாங் 21 கோல், 12 பிஹைண்ட், மொத்தம் 138. ஹாதார்ன் 21 கோல், 18 பிஹைண்ட், 144. கோல் எண்ணிக்கை சரிசமம். ஆறு பின்தள்ளிய பந்துகளில் பட்டம் போனது. கேரி ஆப்லெட் ஒருவரே 9 கோல் உதைத்தார். தோற்ற அணியில் இருந்தும் ஆட்டநாயகன் அவர்தான். ரசிகர்கள் அவரைக் 'கடவுள்' என்று அழைத்ததில் கிண்டல் துளியும் கிடையாது. கடவுள் இருந்தும் 1992, 1994, 1995 இறுதிகளும் கைவிட்டன. அழகாக ஆடி முக்கிய நாளில் நொறுங்குகிற அணி என்று எதிரிகள் 'ஹேண்ட்பேகர்ஸ்', கைப்பைக்காரர்கள் என்று பழித்தார்கள்.

2007-இல் வறட்சி முடிந்த விதம் கொஞ்சம் அளவு மீறியது: போர்ட் அடிலெய்டு 44, ஜிலாங் 163. 119 புள்ளி வித்தியாசம் இறுதி ஆட்ட வரலாற்றிலேயே பெரியது. அடுத்து 2009, 2011. 2022-இல் சிட்னியை 81 புள்ளியில் வென்று பத்தாவது. அவர்கள் இதைக் கோப்பை என்பதைவிடக் 'கொடி' என்பார்கள். பட்டம் வென்ற அணிக்கு ஏற்றிப் பறக்கவிட ஒரு கொடி கொடுக்கும் பழைய வழக்கம். எத்தனை கொடி என்றுதான் அங்கே கேள்வி.

கொடி பறக்கும் இடம் 1941-இலிருந்து கார்டினியா பார்க். இதுவும் பழங்குடிச் சொல்தான். விடியல் என்று பொருள் சொல்கிறார்கள். கால் நூற்றாண்டாக அந்த மைதானத்தின் பெயரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எண்ணெய் நிறுவனம், ஆள்சேர்ப்பு நிறுவனம், வீடு கட்டும் நிறுவனம், மருத்துவக் காப்பீடு என்று ஷெல், ஸ்கில்ட், சைமன்ட்ஸ், ஜிஎம்ஹெச்பிஏ வரிசையாக வந்தன. டிக்கெட்டில் அந்தந்தக் காலத்துப் பெயர் அச்சாகும். சனிக்கிழமை மதியம் நீலவெள்ளைக் கழுத்துத்துணி சுற்றிக்கொண்டு கிளம்புகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், கார்டினியா பார்க் என்பார். குஷியாக இருந்தால் 'கேட்டரி', பூனைக்கூடம் என்பார்.