எசமானர் மாறினர், புணே மாறவில்லை: ஷாஹாஜி போன்ஸ்லேயும் ‘கூலிப்படை’ என்னும் சொல்லும்

புணே நகரின் வடமேற்கே, பழைய மும்பைச் சாலையில் அமைந்த நிக்டியில் ‘பக்தி சக்தி’ சிற்பத்தொகுதி உள்ளது. துக்காராமும் சிவாஜியும் சந்திக்கும் காட்சி அது. இவ்விருவர் வாழ்வையும் வேறு வேறு வகையில் பாதித்த மூன்றாம் மனிதர் ஒருவர் அங்கே இல்லை. அவர் சிவாஜியின் தந்தை ஷாஹாஜி போன்ஸ்லே.

வரலாற்று நூல்கள் சில ஷாஹாஜியை இத்தாலியின் ‘கொண்டொத்தியேரி’ எனப்பட்ட படைத்தலைவர்களோடு ஒப்பிடத் தூண்டுகின்றன. ‘கொண்டொத்தா’ என்றால் ஒப்பந்தம். எத்தனை வீரர், எவ்வளவு காலம், என்ன ஊதியம் என்று எழுதிக்கொண்டு போரிட்டவர்கள் அவர்கள். 15ஆம் நூற்றாண்டில் உர்பீனோவை ஆண்ட ஃபெதெரீகோ தா மொன்தெஃபெல்த்ரோ, நேப்பிள்ஸ், மிலான், போப்பாண்டவர் எனப் பலருக்குப் படை நடத்தினார். ஆயினும் அவரைத் தமிழில் ‘கூலிப்படைத் தலைவர்’ என்றால் பொருள் திரிந்துவிடும். இன்றைய வழக்கில் அச்சொல் பணத்துக்குக் கொலை செய்பவரையே நினைவூட்டுகிறது. ஷாஹாஜிக்கு அது மேலும் பொருந்தாது.

அவருடைய பணிமாற்றங்களின் பட்டியல் நீளமானது. அகமதுநகர் நிஜாம்ஷாஹி அரசின் சர்தாராக மாலிக் அம்பரின் கீழ் 1624இல் பாத்வடிப் போரில் போரிட்டார். அப்போரில் தம்பி ஷரீஃப்ஜியை இழந்தார். அடுத்த ஆண்டு பீஜப்பூரின் ஆதில்ஷாஹி அரசிடம் சென்றார்; 1628இல் நிஜாம்ஷாஹிக்கே திரும்பினார். 1629இல் மாமனார் லகூஜி ஜாதவ் நிஜாம்ஷாஹி அவையிலேயே கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஷாஹாஜி முகலாயரிடம் 5000 தரநிலை கொண்ட மன்சப்பை ஏற்றார். 1632இல் அதையும் துறந்தார்; நிஜாம்ஷாஹிக் குலத்துச் சிறுவன் ஒருவனை அரியணையேற்றி, அவன் பெயரால் 1636 வரை முகலாயரை எதிர்த்தார். மாஹுலிக் கோட்டையில் பணிந்தபின் மீண்டும் ஆதில்ஷாஹியில் சேர்ந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து மாற்றங்கள். மேலோட்டமாக நோக்கினால் இது விசுவாசமின்மை. ஆனால் 1632இல் அவர் முகலாயரை விட்டதற்குக் காரணம் கூலிக்குறைவு அன்று. அவருக்கு அளித்த நிலங்களை மாலிக் அம்பரின் மகன் ஃபத்தே கானுக்கு முகலாயர் மாற்றிக் கொடுத்ததே காரணம்.

இங்கே தக்காணத்தின் இரு சொற்களை வேறுபடுத்த வேண்டும். ‘வதன்’ என்பது பரம்பரை உரிமை. அரசு மாறினாலும் பொதுவாகக் குடும்பத்தை விட்டு நீங்காது. ‘மொகாசா’ என்பது படை பராமரிப்பதற்காக அரசு ஒதுக்கும் வருவாய். அரசு விரும்பினால் பறிக்கலாம். தந்தை மாலோஜியின் காலம் முதல் போன்ஸ்லேகள் வசமிருந்த புணேயும் சூபேயும் மொகாசாவே. ஷாஹாஜி அவற்றை வதன் போலவே காத்தார். எசமானரை மாற்றியபோதெல்லாம் புணேயின் மீதான பிடியை மட்டும் அவர் விடவில்லை. 1636க்குப் பின் முகலாய எல்லைக்கு வெகு தொலைவான கர்நாடகத்துக்கு ஆதில்ஷாஹி அவரை அனுப்பியபோதும், ஜீஜாபாயும் தாதாஜி கொண்டதேவும் புணேயை நிர்வகித்தனர்.

இந்தப் பிடிவாதத்தின் விலையை ஊரும் கொடுத்தது. 1630இல் ஆதில்ஷாஹித் தளபதி முரார் ஜகதேவ் புணேயை எரித்தார். அதே ஆண்டுகளில் தக்காணத்தைக் கொடும்பஞ்சம் சூறையாடியது. நிக்டிக்கு அண்மையிலுள்ள தேஹுவில் துக்காராம் மனைவியை இழந்தது அப்பஞ்சத்தில்தான் என்பது மரபு. சர்தார்களின் கணக்குகளில் குடியானவர்களின் இழப்புக்கு இடமில்லை.

தெற்கே 1638இல் கைப்பற்றப்பட்ட பெங்களூர் ஷாஹாஜியின் இருப்பிடமாயிற்று. பல மொழிப் புலவர்கள் கூடிய அவருடைய அவையை ஜயராம பிண்ட்யே தம் ‘ராதாமாதவ விலாச சம்பு’வில் வருணித்தார். ஆனால் 1648இல் செஞ்சி முற்றுகையின்போது ஆதில்ஷாஹித் தளபதி முஸ்தஃபா கானே அவரைச் சிறைப்பிடித்தார். மறு ஆண்டு விடுதலைக்கு ஈடாக, புணேக்கு அருகிலுள்ள கொண்டாணாக் கோட்டையையும் பெங்களூரையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. தந்தை ஆதில்ஷாஹி ஊழியர். மகன் சிவாஜி அதே அரசின் கோட்டைகளைக் கைப்பற்றுபவர். இந்த முரண்பாட்டினிடையே வாழ்ந்த ஷாஹாஜி, 1664 ஜனவரியில் சன்னகிரிக்கு அருகே ஹோதிகெரேயில் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார்.

கதை அங்கே முடியவில்லை. மற்றொரு மகன் ஏகோஜி, ஆதில்ஷாஹியின் ஆணைப்படி நாயக்க வாரிசுக்கு உதவத் தஞ்சைக்குச் சென்று, 1670களின் நடுவில் தாமே அரசரானார். 1450இல் மிலானைத் தனதாக்கிய படைத்தலைவர் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸாவின் செயலுக்கு இது நெருங்கிய இணை. 1677இல் கொள்ளிடக்கரைத் திருமழபாடியில் ஏகோஜியைச் சந்தித்த சிவாஜி, தந்தையின் உடைமையில் பங்கு கேட்டார்.

அந்தக் கோரிக்கையின் சொல்தான் கவனத்துக்குரியது. பணிக்காக ஒதுக்கப்பட்டு, எந்நேரமும் பறிக்கப்படக்கூடியதாக இருந்த வருவாய் இப்போது ‘தந்தைவழிச் சொத்து’ ஆகிவிட்டது. மொகாசா வதனாக மாறியிருந்தது. அதற்குள் ஒரு மகன் ராய்கட்டில் முடிசூடியிருந்தார். மற்றவர் தஞ்சையில் ஆண்டார். 1803இல் இரண்டாம் சரபோஜி தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்த நீண்ட மராத்திக் கல்வெட்டு, போன்ஸ்லே குலக் கதையில் ஷாஹாஜிக்கு உரிய இடத்தை அளிக்கிறது. நிக்டிச் சிற்பத்தில் காணாத மனிதரைக் காவிரிக் கரையில் காணலாம்.