யார்க்ஷயரில் ஓர் ஆப்பிரிக்கத் தகப்பன்

2007இல் மனித மரபியலுக்கான ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பே ஒரு கேள்விதான்: 'யார்க்ஷயரில் ஆப்பிரிக்கர்களா?' மரபியல் கட்டுரைகளுக்கு வழக்கமாக இப்படித் தலைப்பு வைக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆய்வு செய்தவர்களே கொஞ்சம் திகைத்துப்போய், 'இது எப்படி இங்க வந்துச்சு?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது போல இருந்தது.

விஷயம் இதுதான். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் முதலானோர் குடும்பப் பெயர்களுக்கும் மரபணுவுக்கும் இருக்கும் உறவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மாதிரி கொடுத்தவர்களில் ஒருவர் வெள்ளைக்கார ஆங்கிலேயர். தன் குடும்பத்துக்கு ஆப்பிரிக்கத் தொடர்பு உண்டென்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அவருடைய ஒய் குரோமோசோம் ஏ1 என்ற வகையைச் சேர்ந்ததாக இருந்தது. ஏ வகை ஆப்பிரிக்காவுக்கே உரியது. அன்றைக்குத் தெரிந்தவரையில் மனித ஆண்வழி மரத்தில் முதன்முதலில் பிரிந்த கிளை அதுதான். மேற்கு ஐரோப்பாவில் அதுவரை ஒருவரிடம்கூட அது பதிவானதில்லை. ஆப்பிரிக்க மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

வேறு யாராவது என்றால் ஆய்வு அங்கேயே நின்றிருக்கும். இவருக்கு அதிர்ஷ்டம், இவருடைய குடும்பப் பெயர் அரிதான பெயர். கிழக்கு யார்க்ஷயரைச் சேர்ந்த பெயர். அந்தப் பெயரைக் கட்டுரையில் சொல்லவில்லை. அவ்வளவு அரிதான பெயரைச் சொல்வது ஆளையே அடையாளம் காட்டுவது மாதிரி. நானும் அதைத் தேடிப் பிடித்து இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு பெயர் அரிதாக இருப்பதில் அப்படி என்ன இருக்கிறது? அதைப் புரிந்துகொள்ளக் குடும்பப் பெயர்களின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம்மில் பலருக்கு இருப்பது இனிஷியல். அப்பாவின் பெயரிலிருந்து வருவது, அடுத்த தலைமுறையில் மாறிவிடும். இங்கிலாந்தில் அப்படியில்லை. 1066இல் நார்மானியர் வந்த பிறகு, முதலில் நிலக்கிழார்களிடமும் பிறகு சாதாரண மக்களிடமும் பரம்பரைப் பெயர் என்ற வழக்கம் மெல்லப் பரவியது. ஏறத்தாழ 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலேயர்களுக்கு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. வரி வசூலிப்பவர்களுக்கும் இதில் வசதி இருந்தது. ஒரே ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் எந்த ஜானிடம் வரி கேட்பது? யார்க்ஷயரில் 1379இல் எடுக்கப்பட்ட தலைவரிப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அந்த வட்டாரப் பெயர்களை ஆராய்கிறவர்கள் முதலில் போய் நிற்பது அதன் முன்னால்தான்.

பெயர்கள் நான்கு வழிகளில் பிறந்தன: ஊர், தொழில், தகப்பன் பெயர், பட்டப்பெயர். கொல்லன் இல்லாத ஊர் ஏது? அதனால் ஸ்மித் என்ற பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாக முளைத்தது. இரண்டு ஸ்மித்கள் சந்தித்தால் சொந்தம் கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குக்கிராமத்தின் பெயரோ, யாரோ ஒருவருக்கு ஒட்டிக்கொண்ட விசித்திரமான பட்டப்பெயரோ ஒரே ஒருவரிடமிருந்து கிளம்பியிருக்கலாம். அப்படியானால் இன்று அந்தப் பெயரைத் தாங்கியிருக்கும் எல்லோரும் பங்காளிகள்.

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரையப்பட்ட வரைபடங்களில் இந்த அரிய பெயர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ரயில் வந்து, தொழிற்சாலை வந்து, நாடே இடம்பெயர்ந்த நூற்றாண்டு அது. ஆனாலும் பல பெயர்கள் பிறந்த இடத்தைச் சுற்றியே மை சிந்தியது போலக் கிடக்கும். கிழக்கு யார்க்ஷயரில் பண்ணை வேலையாட்கள் ஆண்டுதோறும் நவம்பரில் மார்ட்டின்மஸ் திருநாளையொட்டிக் கூடும் ஆள்சேர்ப்புச் சந்தைகளுக்குப் போய் நிற்பார்கள். புதிய எஜமான் கிடைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள். வருஷா வருஷம் இடம் மாறினாலும் பெரும்பாலும் அதே வட்டாரத்துக்குள்தான். அவர்களோடு சேர்ந்து பெயரும் சுற்றிக்கொண்டே இருந்தது, எல்லை தாண்டவில்லை.

ஒய் குரோமோசோமும் பெயரைப் போலவே அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் இரண்டு பெட்டிகள் மாதிரி. இதைச் சோதித்துப் பார்த்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ். தன் சொந்தக் குடும்பப் பெயரையே எடுத்துக்கொண்டார். 2000இல் வெளியான அந்த ஆய்வில் 48 சைக்ஸ்களில் 21 பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. பிறகு கிங்கும் ஜாப்ளிங்கும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1678 ஆண்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு ஒற்றுமை. ஸ்மித்களுக்குள் எந்த உறவும் தெரியவில்லை. அட்டன்பரோ என்ற பெயர்க்காரர்களிலோ பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கு ஒரே வகை.

மீதி ஒருவர்? அங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. பெயரும் குரோமோசோமும் பிரிந்து போகும் இடங்கள் உண்டு. தத்துப்பிள்ளை, மனைவி வழிச் சொத்துக்காகப் பெயரை மாற்றிக்கொண்ட மாப்பிள்ளை, திருமணமாகாத தாயின் பெயரைப் பெற்ற குழந்தை, கணவனுக்குத் தெரியாத தகப்பன். அரச குடும்பமும் இதற்கு விலக்கில்லை. 2012இல் லெஸ்டர் நகரத்தின் வாகன நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. அதன் மரபணு ஆய்வுக்குத் தலைமை தாங்கியதும் இதே டூரி கிங்தான். தாய்வழி மரபணு பொருந்தியது. ஆனால் ஆவணங்களின்படி அவருடைய ஆண்வழி உறவினர்களான ஐந்து பேரின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. வம்சாவளிச் சுருளில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது.

இப்போது யார்க்ஷயர்காரருக்குத் திரும்பலாம். அதே அரிய பெயர் கொண்ட 18 ஆண்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். ஏழு பேரிடம் அதே ஏ1 வகை. தேவாலயப் பதிவேடுகள், பிறப்பு இறப்புச் சான்றுகள், கணக்கெடுப்புத் தாள்கள் எல்லாவற்றையும் புரட்டி அவர்களுடைய குடும்ப மரங்களை வரைந்தார்கள். அவை இரண்டு மரங்களாக நின்றன. இரண்டுக்கும் அடியில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் யார்க்ஷயரில் வாழ்ந்த ஆளுக்கொரு மூதாதை. அந்த இருவரையும் இணைக்கும் காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. குரோமோசோமில் சேர்ந்திருந்த சிறு மாற்றங்களை வைத்துக் கணக்கிட்டால், இருவருக்கும் சில தலைமுறைகளுக்கு முன்னால் ஒரு பொது மூதாதை இருந்திருக்க வேண்டும். ஆவணம் கைவிட்ட இடத்திலிருந்து ரத்தம் இன்னும் கொஞ்ச தூரம் போகிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது.

அந்த மேற்கு ஆப்பிரிக்கத் தகப்பன் எப்போது வந்தான்? வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. ஆப்பிரிக்கர்கள் பிரிட்டனுக்கு வந்தது நேற்றல்ல. ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் இன்றைய லிபியாவில் பிறந்தவர், இறந்தது 211ஆம் ஆண்டு யார்க் நகரத்தில். மூன்றாம் நூற்றாண்டில் ஹேட்ரியன் சுவர்க் காவலில் வட ஆப்பிரிக்க மூர் படைப்பிரிவு ஒன்று இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. எட்டாம் ஹென்றியின் அரசவையில் எக்காளம் ஊதிய ஜான் பிளாங்க் என்ற கறுப்பினத்தவரின் உருவத்தை 1511ஆம் ஆண்டுப் போட்டி விழாவின் ஓவியச் சுருளில் இன்றும் பார்க்கலாம். பிறகு அடிமை வணிகத்தின் காலம். 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் வேலைக்காரர்களாக, மாலுமிகளாக, இசைக்காரர்களாக, அடிமைகளாக வாழ்ந்தார்கள். கிழக்கு யார்க்ஷயரின் துறைமுகம் ஹல். அடிமை வணிகத்தை 1807இல் சட்டப்படி ஒழிப்பதற்கு நாடாளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ் பிறந்ததும் அதே ஊரில்தான்.

அவன் அந்தப் பெயருக்குள் எப்படி நுழைந்தான் என்பதற்கும் சில வழிகள்தான் உண்டு. எஜமான் தன் பெயரை அவனுக்கு வைத்து ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பெயர் ஒரு முத்திரை, பொருளின் மேல் எழுதும் உரிமையாளர் பெயர் மாதிரி. அந்தப் பெயர் கொண்ட ஒரு பெண்ணுக்கும் அவனுக்கும் கல்யாணமாகாமல் பிள்ளை பிறந்து, பிள்ளை தாயின் பெயரைப் பெற்றிருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பெயர் ஒரு பெண் தனியாகச் சுமந்த பாரம். இன்னொருவருக்கு மனைவியாக இருந்தவள் பெற்ற பிள்ளையாக இருக்கலாம். அந்த மனிதர் முகத்தைப் பார்த்தும் வாய் திறக்காமல் தன் பிள்ளையாகவே வளர்த்திருக்கலாம். கொடூரம், காதல், பெருந்தன்மை எதுவாக இருந்தாலும் பதிவேட்டில் விழுவது ஒரே வரிதான். இதை நினைக்கும்போது எனக்கு ஆவணங்கள் மேல் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

ஆனால் அந்த ஒரு வரியின் வேலையையும் குறைத்துச் சொல்ல முடியாது. தாமஸ் க்ரோம்வெல்லின் ஆணைப்படி 1538 முதல் இங்கிலாந்தின் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த முதல் ஆளாக இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் சில குருமார்கள் அவன் நிறத்தையும் குறித்தார்கள். அவன் இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, பிள்ளையும் இங்கேயே கட்டி, பேரனும் அப்படியே என்றால் நிறம் வெளுத்துக்கொண்டே போகும். குறிக்க ஒன்றும் இருக்காது. பெயர் மட்டும் மிஞ்சும், ஊரிலேயே பழைய பெயர். அதைவிட நல்ல மறைவிடம் வேறேது?

இதில் இன்றைக்கு நமக்கென்ன என்று கேட்கலாம். 'பூர்வகுடி பிரிட்டிஷார்' என்ற சொல்லைக் குடியேற்றத்துக்கு எதிராக அரசியல் செய்பவர்கள் அங்கே அடிக்கடி கையில் எடுப்பார்கள். அதற்குச் சாட்சியாக அவர்கள் கூப்பிடக்கூடியது, ஒரு கிராமத்தில் பல நூற்றாண்டாக வேர்விட்ட இப்படியான ஒரு பெயரைத்தான். அந்தச் சாட்சியே கூண்டில் ஏறி மாற்றிச் சொல்லிவிட்டது. கட்டுரையின் சுருக்கத்தில் கடைசியாக வரும் 'பூர்வகுடி' என்ற சொல்லுக்கு ஆய்வாளர்கள் மேற்கோள் குறி போட்டிருக்கிறார்கள். அந்தச் சின்னக் குறி என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது.

அதே சமயம் இந்தக் கதையை இன்னொரு பக்கமாகவும் தவறாகப் படிக்க முடியும். 'அப்படின்னா அவர் வெள்ளைக்காரர் இல்லை, ஆப்பிரிக்கர்' என்று. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒவ்வொருவருக்கும் 1024 மூதாதையர் இடங்கள். ஒய் குரோமோசோம் சொல்வது அதில் ஒரே ஒருவரைப் பற்றி. மீதி 1023 இடங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆண்வழி ஒன்றையே வம்சம் என்று எண்ணும் பழக்கம் நம்முடையது, குரோமோசோம் அதற்குப் பொறுப்பல்ல.

தவறாகப் படித்தால் விளைவுகள் உண்டு. டிஎன்ஏ கைரேகை முறையை 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்ததும் இதே லெஸ்டர் பல்கலைக்கழகத்தில்தான். பக்கத்துக் கிராமப் பகுதியில் நடந்த இரண்டு கொலைகளின் விசாரணையில் அது பயன்பட்டபோது, கொலையாளியைப் பிடிக்கும் முன்னரே ஒரு காரியம் செய்தது. ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்த அப்பாவி இளைஞன் ஒருவனை விடுவித்தது. ஆனால் ஒரு குற்றம் நடந்த இடத்தில் யார்க்ஷயர்காரரின் ஏ1 குரோமோசோம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதை மட்டும் பார்த்துத் தேடும் போலீஸ் எந்த நிறத்து ஆளைத் தெருவில் நிறுத்தும்? குரோமோசோமை வைத்துப் பூர்விகத்தைச் சொல்வதில் உள்ள ஆபத்தைக் கட்டுரையே எச்சரித்து முடிகிறது.

எனக்கு இந்த ஆய்வில் மறக்க முடியாதவர்கள் அந்த ஏழு பேர் அல்ல, மீதி பதினொரு பேர். அதே பெயர், வேறு குரோமோசோம். சிலர் வேறொரு மூலவரிடமிருந்து வந்திருக்கலாம். சிலர் அந்த ஆப்பிரிக்கரின் பிள்ளைகளுக்குப் பெயர் தந்த குடும்பத்தின் வாரிசுகளாக இருக்கலாம். சிலருக்கு அவரே ஒரு கொள்ளுப்பாட்டி வழியாக மூதாதையாகவும் இருக்கலாம். மகள்கள் வழியாகப் போன ரத்தத்தை ஒய் குரோமோசோம் எண்ணுவதில்லை. ரத்தம் மகள்கள் வழியாகவும் போகும், பெயர் போகாது. அப்படிப் பார்த்தால் கிழக்கு யார்க்ஷயரில் வேறு பெயரோடு நடமாடும் எத்தனை பேருக்கு அவர் பாட்டனோ.

பதினெட்டுப் பேரையும் ஒரு கல்யாண வீட்டில் வரிசையாக உட்கார வைத்தால் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லோரையும் அந்த ஒரே பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்குள் வருவதற்கு முன்னால் அவருக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஒரு பதிவேட்டிலும் அது இல்லை.