நிலைக்காலிலிருந்து முக்காலி: இடித்த வீட்டு மரத்தில் சிறு அறைகலன் செய்தல்

1. பொருளும் எல்லையும்

பழைய வீடு ஒன்றை இடித்தால் முதலில் விலைபோவது அதன் மரம்தான். நிலை, கதவு, உத்திரம், கைமரம், மச்சுப்பலகை என்று பிரித்து, கன அடிக் கணக்கில் பழைய மரக் கடைக்குப் போய்விடும். நீளமானவை அங்கே மறுபடியும் நிலையாகவும் ஜன்னலாகவும் அறுபடுகின்றன. துளையும் வெட்டும் விழுந்த குட்டைத் துண்டுகளை யாரும் சீந்துவதில்லை. பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகின்றன. இக்கட்டுரைக்கு உரியவை அந்தத் துண்டுகள். மணை, முக்காலி, கணக்குப்பிள்ளை மேசை போன்ற இரண்டடிக்கு உட்பட்ட பொருள்களுக்குப் பழைய மரம் இயல்பாகவே பொருந்துகிறது என்பதும், என்ன பொருள் செய்யலாம் என்பதைத் துண்டில் ஏற்கெனவே இருக்கும் வெட்டுகளே பெரிதும் முடிவு செய்கின்றன என்பதும் என் வாதம்.

2. மரம் வந்த வழி

1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமான பிறகு அங்கே லேவாதேவித் தொழிலைப் பெருக்கிய நகரத்தார், சம்பாதித்ததில் ஒரு பகுதியைச் செட்டிநாட்டில் வீடாகக் கட்டினார்கள். தேக்கு கப்பலில் வந்தது. 1930களின் பொருளாதார மந்தமும் 1942இல் ஜப்பானியர் படையெடுப்பும் அந்த வருமானத்தை முறித்தன. வீடு நின்றது, அதைப் பராமரிக்கப் பணம் இல்லை. பங்காளிகள் பெருகி, ஆளுக்கொரு ஊரில் குடியேறிய பின், பிரித்து விற்றுப் பங்கு போட்டுக்கொள்வது பல குடும்பங்களுக்கு எளிய வழியாயிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் இப்படிப் பிரிந்த வீடுகளால் வளர்ந்தவை. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதனால் மட்டும் இடிப்பு நின்றுவிடாது.

சென்னையில் கிடைப்பது வேறு வகை. அங்கே மெட்ராஸ் டெரஸ் மாடியைத் தாங்கிய கட்டைகள் கிடைக்கும். நெருக்கமாக வரிசையிட்ட கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய கூரை அது. கட்டை நல்லதாகவே இருக்கும். ஆனால் மேல்முகத்தில் ஏறியிருக்கும் சுண்ணாம்பு இழைப்புளியின் வாயைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

விற்பவர்கள் எல்லாவற்றையும் ‘பர்மா தேக்கு’ என்பார்கள். ஆனால் 1840களிலேயே மலபாரின் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டாயிற்று. மலபார்த் தேக்கும் தமிழக வீடுகளுக்கு வந்திருக்கிறது. இரண்டையும் கண்ணால் பிரித்துச் சொல்வதாகச் சாதிப்பவரை நான் நம்புவதில்லை. வாங்குபவர் பார்க்க வேண்டியது வைரம் (முற்றிய உள்மரம்) எவ்வளவு, வெள்ளை (வெளிர்ந்த புறமரம்) எவ்வளவு என்பதை. பழைய துண்டுகளில் வைரம் மிகுதி. இளமையில் வெட்டும் இன்றைய தோட்டத் தேக்கில் வெள்ளைப் பகுதி கணிசமாக இருக்கும். பழையதற்குக் கூடுதல் விலை கொடுக்க அதுவே போதுமான நியாயம்.

3. அறுக்கக் கூடாதவை

செதுக்கு வேலை உள்ள நிலையையோ, முழுமையாக இருக்கும் கதவு ஜோடியையோ முக்காலிக்காக அறுப்பது குற்றம் என்றே சொல்வேன். 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், பிரித்துக் கொண்டுவந்த பழைய வீடுகளை மறுபடி நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். பாகங்கள் முழுதாக இருந்தால்தான் அது நடக்கும். செதுக்கிய துண்டு ஒன்றைப் புதுச் சட்டத்தில் ஒட்டி ‘ஆன்டிக்’ என்று விற்பதும் எனக்கு உவப்பில்லை. இங்கே பேசுவது செதுக்கு வேலையற்ற வெறும் கட்டையை மட்டும்.

4. துண்டின் கணக்கு

சாதாரண வீட்டு நிலைக்கால் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 4 அங்குலம் அகலம், 3 அங்குலம் கனம், 7 அடி நீளம். அங்குலத்தில் அகலத்தையும் கனத்தையும், அடியில் நீளத்தையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். 84ஐ 144ஆல் வகுக்க 0.58 கன அடி. கடைக்காரர் இதற்கு முழுப் பணம் வாங்குவார். நமக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

கீழ்முனையில் அரையடி போகும். வாசல் கழுவிய தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்த இடம் அது. உளியால் குத்தினால் மெத்தென்று இறங்கும். மேல்முனையில் துளையில் செருகும் கழுந்து வெட்டியிருக்கும். நடுவில் கீல் பதித்த பள்ளங்கள், தாழ்ப்பாள் துளை, சுவரோடு பிடித்த இரும்பின் துளை. இவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இடையிடையே ஒன்றரை அடி, இரண்டடி அளவில் சுத்தமான மரம் நிற்கும். கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் இது பற்றாது. 16 அங்குல உயர இருக்கைக்குக் கால் செய்யத் தாராளமாகப் போதும்.

இனி அறுப்பு. கதவு வந்து உட்காருவதற்காக நிலைக்காலின் ஒரு மூலையில் காடி எடுத்திருக்கும்: ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் அகலம், 4 நூல் (அரை அங்குலம்) ஆழம். ஒரு சுத்தமான துண்டை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, ரம்ப வாய்க்கு ஒரு நூல் விட்டு இழைத்தால் மூன்று துண்டுகள் ஒன்றே முக்காலுக்கு ஒன்றேகால் அங்குலமாக நேர்த்தியாக வரும். நான்காவதைக் காடி தின்றிருக்கும். கனம் 7 நூல்தான் தேறும். நாற்காலிக்கு நான்கு கால் வேண்டும், ஒரு துண்டு தருவதோ மூன்று. ஒரே ரேகை, ஒரே நிறம் உள்ள மூன்று கால்கள் கையில் இருக்கும்போது முக்காலி செய்வதே முறை. மேடுபள்ளமான தரையிலும் அது ஆடாமல் நிற்கும் என்பது உபரி லாபம்.

காடி தின்ற துண்டும் வீணாகாது. இரண்டு துண்டுகளின் காடிப் பகுதிகளைக் கொண்டு அடிச்சட்டம் செய்யலாம். பின்கால் இரண்டையும் ஒரு சட்டம் இணைக்கும். அதன் நடுவிலிருந்து முன்காலுக்கு இன்னொன்று போகும். ஆங்கில ‘டி’ எழுத்து வடிவம். முக்கோணமாகச் சட்டம் கோத்தால் ஒவ்வொரு கழுந்தையும் கோணலாக வெட்ட வேண்டியிருக்கும். இந்த அமைப்பில் மூலமட்டம் ஒன்றே போதும். கழுந்தின் கனம் 3 நூல், ஆழம் ஓர் அங்குலம். இருக்கைக்கு மச்சுப்பலகையை மூலை மழுங்கிய முக்கோணமாக வெட்டவேண்டும். அது கால்களுக்கு வெளியே நீண்டால், ஓரத்தில் உட்காருபவர் கவிழ்வார்.

5. ‘பழைய மரம் அசையாது’ என்னும் நம்பிக்கை

நூறு வருஷ மரம் இனிச் சுருங்காது, விரியாது என்று ஆசாரிகளே சொல்வதுண்டு. பாதி உண்மை. முறுக்கும் வளைவும் எப்போதோ அடங்கியிருக்கும். ஆனால் காற்றின் ஈரத்தை வாங்குவதும் விடுவதும் எந்த வயதிலும் நிற்காது. பச்சை நிலையிலிருந்து முற்றக் காயும்போது தேக்கு வளைய வாக்கில் சுமார் 5.8 விழுக்காடும், ஆர வாக்கில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. மரங்களில் இது குறைவான அளவே. இருந்தும் 10 அங்குல அகலப் பலகையில் ஈரம் கோடைக்கும் ஐப்பசிக்கும் இடையே 4 விழுக்காடு மாறினால், வளைய வாக்கில் அறுத்த பலகை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், அதாவது அரை நூலுக்குச் சற்று மேல், அகலம் மாறும். எனவே இருக்கைப் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கக் கூடாது. திருகாணித் துளையைப் பலகையின் அகலவாக்கில் சற்று நீட்டி விட்டால் பலகை தன் போக்கில் நகரும், வெடிக்காது.

6. ஆணி, வண்ணம், வண்டு

காந்தத்தை மரத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தால் மேலாக இருக்கும் ஆணி தெரிந்துவிடும். தலை முறிந்து உள்ளே ஆழ்ந்ததை மரத்தின் கறுப்புக் கறை காட்டிக்கொடுக்கும்.

பழைய கதவின் வண்ணப்பூச்சு இதைவிடப் பெரிய ஆபத்து. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்னும் இந்திய விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறையானது. அதற்கு முந்தைய எந்தப் பூச்சிலும் ஈயம் இருப்பதாகவே எண்ணி வேலை செய்ய வேண்டும். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பதும், தீ காட்டி உரிப்பதும் கூடாது. நனைத்துச் சுரண்டி, உரிந்ததைக் குழந்தைகளுக்கு எட்டாமல் கட்டி அகற்ற வேண்டும். வண்ணமே இல்லாத மரத்தூளும் தீங்கற்றதல்ல. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் இழைப்பு இயந்திரத்தின் முன் நிற்பதை நம் பட்டறைகள் வீரமாக நினைப்பது எரிச்சலூட்டுகிறது.

வண்டு வெள்ளைப் பகுதியைத்தான் தேடும். துண்டைச் செய்தித்தாள் மேல் இரண்டு வாரம் வைத்தால், புதிதாக மாவு உதிர்கிறதா என்று தெரியும். உதிர்ந்தால் வெள்ளையைச் சீவி எறிவதே மேல்.

7. ஒட்டும் பூச்சும்

தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டுப்பிடிப்பைக் கெடுக்கும். அதனால் கழுந்தையும் துளையையும் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, ஆவியானதும் தாமதிக்காமல் பசை போட வேண்டும். மறுநாள் போட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

கால்களின் அடிமுகத்துக்கு எல்லாவற்றுக்கும் முன்பாகப் பூச்சு கொடுக்க வேண்டும். தரை துடைக்கும் ஈரத்தைக் குறுக்குவெட்டு முகம்தான் அதிகம் உறிஞ்சும். முக்காலி இருக்கைக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் போதும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு கை போட்டுக்கொள்ளலாம், பழைய பூச்சோடு கரைந்து சேர்ந்துவிடும். சூடான காபி டம்ளர் வைக்கும் மேசைக்கு அரக்கு ஆகாது, வெள்ளை வளையம் விழும். அதற்குப் பாலியூரித்தேன் வார்னிஷ்தான் தாங்கும்.