உருவொப்புமையும் உறவும்
ஓர் ஐரோப்பிய வினைச்சொல்லின் வரலாறு

உடைமையைக் குறிக்கும் ஆங்கில வினை 'ஹேவ்'. ஜெர்மன் மொழியில் அது 'ஹாபென்'. அதே பொருளுடைய இலத்தீன் வினை 'ஹபேரெ'. ஒலியும் ஒத்துள்ளது, பொருளும் ஒத்துள்ளது. ஆகவே இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று எவரும் கருதுவர். ஆயின், மொழிநூல் அதனை மறுக்கின்றது.

காரணம் யாது? டேனிய அறிஞர் ராஸ்க் 1818-ஆம் ஆண்டிலும், ஜெர்மானிய அறிஞர் கிரிம் 1822-ஆம் ஆண்டிலும் ஓர் ஒலிமாற்ற ஒழுங்கை எடுத்துக்காட்டினர். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ககரம் இலத்தீனில் அவ்வாறே நிற்க, ஜெர்மானியக் கிளையில் ஹகரமாகத் திரிந்தது. கொம்பு என்னும் பொருளுடைய இலத்தீன் 'கொர்னு' ஆங்கிலத்தில் 'ஹார்ன்' ஆகும். நூறு என்னும் 'கெந்தும்', 'ஹண்ட்ரட்' என்பதன் முற்பகுதிக்கு உறவாகும். அங்ஙனமாயின் 'ஹேவ்' என்பதன் இலத்தீன் உறவுச்சொல்லும் ககரத்தில் தொடங்குதல் வேண்டும். அதுவே 'பிடித்தல்' எனப் பொருள்படும் 'கபெரெ'. பிடித்தது கையில் நிற்கும். கையில் நிற்பது உடைமையாகும். பொருள் வளர்ந்த வழி இதுவே.

இலத்தீன் பகரத்திற்கு ஈடாக ஜெர்மானியத்தில் ஃபகரம் வரவேண்டுமே எனின், அதற்கும் விடை உண்டு. முன்னசையில் அழுத்தம் இல்லாதவிடத்து அவ்வொலி மென்மையுறும் என்பதை டேனிய அறிஞர் வெர்னர் 1875-ஆம் ஆண்டில் கண்டார். அதே வேரினின்று வந்து, 'தூக்குதல்' எனப் பொருள்படும் கோதிக்குச் சொல் 'ஹஃப்யன்' பழைய ஃபகரத்தைக் காத்து நிற்கின்றது.

இவ்வாறு அறிஞர் மீட்டமைத்த மூல ஜெர்மானிய வடிவம் '*ஹப்யன' என்பது. எழுத்துச் சான்று இல்லாத வடிவம் என்பதையே முன்னுள்ள உடுக்குறி உணர்த்தும். அதன் வழித்தோன்றல்கள் கோதிக்கு 'ஹபன்', பழைய ஆங்கில 'ஹப்பன்', டச்சு 'ஹெப்பென்' முதலியன. இவற்றுள் கோதிக்கு வடிவம், நான்காம் நூற்றாண்டில் உல்பிலா என்னும் ஆயர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பால் நமக்குக் கிடைத்தது.

இனி, 'ஹபேரெ'யின் உறவு யாது? இலத்தீன் முதல் ஹகரம் பலவிடத்து ஜெர்மானியக் ககரத்தின் மெல்லொலிக்கு ஈடாகும். அயலானைக் குறித்த 'ஹோஸ்திஸ்', ஆங்கிலத்தில் விருந்தினரைக் குறிக்கும் 'கெஸ்ட்' ஆயிற்று. இவ்வழியே 'ஹபேரெ'க்கு உறவு, கொடுத்தலைக் குறிக்கும் 'கிவ்' என்பர் அறிஞர் பலர்.

தமிழ்ச் செவி கன்னடத்தில் 'கிவி'. தமிழ்ச் சேரி அங்கே 'கேரி'. ஒலி வேறாயினும், மாற்றம் ஒழுங்காய் அமைதலின் இவை உறவுச்சொற்களே. சொல்லாராய்ச்சியில் காது கேட்பது சான்றன்று, ஒழுங்கே சான்று.