முதியோர் குடியிருப்புகளில் திடீர் மனக்குழப்பம்: முதுமை என ஒதுக்க வேண்டாம்

நேற்று வரை நாளிதழ் படித்து, தாமாகவே உணவுக்கூடத்திற்கு நடந்து சென்றவர் இன்று காலை இருக்கும் இடம் தெரியாமல் பேசுகிறார். அல்லது அழைக்கும்போது மட்டும் கண் திறந்து மீண்டும் உறங்கிவிடுகிறார். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என உடனிருப்போர் கருதிவிடுவது உண்டு. இது தவறாகும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ தோன்றும் மனக்குழப்பம் முதுமையின் இயல்பன்று. உடலில் வேறொரு கோளாறு ஏற்பட்டிருப்பதன் அறிகுறி. மருத்துவத்தில் இதனை ‘டெலிரியம்’ என்பர். காரணத்தை விரைவில் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் பெரும்பாலும் சீராகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மறதிநோயிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெதுவாக முற்றும். டெலிரியம் திடீரெனத் தொடங்கும். ஒரே நாளில் கூடியும் குறைந்தும் காணப்படும். மாலையிலும் இரவிலும் மிகும். மறதிநோய் உள்ளவர்களுக்கே இது எளிதில் ஏற்படுகிறது. எனவே, ‘அவருக்கு ஏற்கெனவே மறதி உண்டு’ என்பது திடீர் மாற்றத்திற்கு விளக்கமாகாது.

எல்லோரும் பிதற்றவோ கூச்சலிடவோ மாட்டார்கள். சிலர் பேச்சைக் குறைத்து, உணவை மறுத்து, படுக்கையிலேயே அமைதியாகக் கிடப்பர். யாருக்கும் தொல்லை தராததால் இவ்வகை பெரிதும் கவனிக்கப்படாமல் போகிறது.

குடியிருப்புகளில் ஏன் தவறவிடப்படுகிறது?

வீட்டில் உடன் வாழும் மகளோ மருமகளோ மாற்றத்தை உடனே உணர்வார். குடியிருப்பில் பணியாளர்கள் முறை மாறி வருகின்றனர். இரவுப் பணிக்கு வருபவர் காலையில் அவர் எப்படி இருந்தார் என்பதை அறியார். ‘வழக்கமான நிலை’ எது என்பது எழுதப்படாத இடத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொதுவான காரணங்கள்

• சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி போன்ற தொற்றுகள். முதியோருக்குக் காய்ச்சல் இன்றியும் இவை வரலாம்.
• உடலில் நீர்ச்சத்துக் குறைதல். முதுமையில் தாக உணர்வு குறைகிறது. இரவில் கழிப்பறைக்கு எழ நேரும் என அஞ்சித் தண்ணீரைத் தவிர்ப்போரும் உளர்.
• இரத்தத்தில் சர்க்கரை அல்லது சோடியம் குறைதல்.
• புதிய மருந்து, மாற்றிய அளவு. தூக்க மாத்திரைகளும், சளி, அரிப்புக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் குழப்பத்தை உண்டாக்கக்கூடும்.
• மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, கடும் வலி.
• தலையில் அடிபடுதல். கீழே விழுந்து பல நாள்கள் கழித்தும் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து தேங்கலாம். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்கு இந்த அபாயம் அதிகம்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

1. குழப்பம் எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது இயல்பாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.
2. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் செய்யவும்.
3. சர்க்கரை அளவு 70-க்குக் கீழ் இருந்து, நன்றாக விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்கவும். நினைவு மங்கியவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது.
4. அன்றே மருத்துவரிடம் காட்டவும். அமைதிப்படுத்துவதற்காகத் தூக்க மாத்திரையைத் தாமாகக் கொடுக்க வேண்டாம். கட்டிலில் கட்டி வைக்கவும் கூடாது.
5. மூக்குக்கண்ணாடி, காதுகேள் கருவியை அணிவிக்கவும். பழகிய ஒருவர் அருகில் அமர்ந்து, இடத்தையும் நேரத்தையும் மென்மையாக நினைவூட்டவும்.

108 ஆம்புலன்சை அழைக்க வேண்டிய நிலைகள்

• முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டும்.
• எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்.
• ஆக்சிஜன் அளவு 92 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு.
• தலையில் அடிபட்டபின் தோன்றும் குழப்பம், வாந்தி, கடும் தலைவலி.

தொலைவில் வசிக்கும் பிள்ளைகளுக்கு

‘நன்றாக இருக்கிறீர்களா?’ என்றால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்ற விடையே வரும். மாறாக, இன்று என்ன உணவு உண்டார், யாருடன் பேசினார், இரவு உறங்கினாரா என்று தினமும் கேளுங்கள். விடைகள் தொடர்பின்றி வந்தாலோ, குரல் சோர்ந்திருந்தாலோ, அன்றே செவிலியரை அழைத்து நேரில் பார்க்கச் சொல்லுங்கள். ‘இவர் வழக்கமாக இப்படி இருப்பவர் அல்லர்’ என்று நீங்கள் கூறுவதை மருத்துவர் முக்கியமான தகவலாகவே கொள்வார்.

முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டிய ஒரு பக்கம்

கீழ்க்காணும் விவரங்களை ஒரே தாளில் எழுதி, ஒரு படியைச் செவிலியரிடமும் மற்றொன்றை அறையிலும் வைக்கவும்:

• வழக்கமான நிலை: நடை, பேச்சு, நினைவாற்றல், உணவு, உறக்கம்.
• நோய்கள், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தும்.
• வழக்கமான இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும்.
• அவசரத்தில் முடிவெடுக்க வேண்டியவரின் தொலைபேசி எண்.

மருந்து மாறும்போதெல்லாம் இத்தாளைப் புதுப்பிக்கவும். குடியிருப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, இரவில் செவிலியர் இருக்கிறாரா, பணி மாறும்போது ஒவ்வொருவரின் நிலையும் எழுதி ஒப்படைக்கப்படுகிறதா என்று கேட்டறியவும்.

உதவிக்கு

அவசர ஊர்தி: 108. தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனை: 104. மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண்: 14567. சென்னை கிண்டியில் 2024-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையில் முதியோருக்கான சிறப்பு மருத்துவம் அளிக்கப்படுகிறது. அவசர நிலையில் அங்கு வரும்வரை காத்திராமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்லவும்.

இப்பக்கம் பொதுத் தகவலுக்கானது. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகாது.