பிளாவும் கிளாசும்



ஜூலை மாதம் வானொலியில் நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். தருகிறேன். ஆனால் அன்று பேசியது அப்படியே இதில் இல்லை. உரை ஒலிபரப்பான மறுநாள் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதனால் ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. அது எந்தப் பகுதி என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

என் தங்கை குடும்பம் பியோர்ண்டாலில் இருக்கிறது. கோடையில் சனிக்கிழமைகளில் நான் அங்கே போவது வழக்கம். வெயில் எறித்தால் யாரும் வீட்டில் இருப்பதில்லை. ஹொல்ம்லியா ஊடாக இறங்கி வர்வென்புக்தா கடற்கரைக்குப் போவோம். 1913இல் தீயில் எரிந்துபோன பெரிய மாளிகை ஒன்று நின்ற தோட்டம் அது. இன்று எங்கள் பிள்ளைகள் அங்கே பந்தடிக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் இங்கியர்ஸ்ராண்ட். 1934இல் கட்டிய கடற்குளியலிடம். அந்த வெள்ளைக் குதிகோபுரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில சனிக்கிழமைகளில் நகரத்துக்கு வந்து, நகரசபை மண்டபத்துக்கு முன்னால் படகேறி ஹூவ்தேயா தீவுக்குப் போவோம். 1147இல் இங்கிலாந்திலிருந்து வந்த துறவிகள் கட்டிய மடத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, கட்டிக்கொண்டு போன புட்டையும் மீன்பொரியலையும் சாப்பிடுவோம்.

இந்தக் கோடையில் அப்படி ஒரு நாள் திரும்பி வந்தபின், மருமகள் பல்கனியில் மேசை போட்டாள். வயது இருபத்தாறு, படித்து வேலை பார்க்கும் பிள்ளை. ஐஸ்கட்டி, தேசிக்காய், சின்ன அளவுக் கிண்ணம், ஜின் போத்தல், ரொனிக் தண்ணீர் எல்லாம் வரிசையாக வந்தன. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். தங்கையின் முகம் மட்டும் இருண்டுபோனது. மச்சான் எழும்பி உள்ளே போய்விட்டார். அவருடைய போத்தல் சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எங்களுக்குத் தெரியாது என்பதுதான் அந்த வீட்டின் ஒழுங்கு.

பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, அம்மா இதை வெள்ளைக்காரற்ற பழக்கம் எண்டு சொல்லுறா. எங்கட ஆக்களுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லையோ?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த உரை. நோர்வேயில் 1975 முதல் மதுபான விளம்பரம் தடைசெய்யப்பட்டது. ஆகவே யாரும் இதை விளம்பரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடிக்காதவர்கள் குடிக்காமலே வாசிக்கலாம்.

முதலில் அவள் கையில் இருந்த கிளாஸ். ரொனிக் தண்ணீரின் கசப்பு கொயினாவின் கசப்பு. கொயினா, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. தென்னமெரிக்க மலைகளின் மரம். மலேரியாக் காய்ச்சலுக்கு அன்றைக்கு இருந்த ஒரே நல்ல மருந்து. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினரும் அதிகாரிகளும் கசப்புத் தாங்காமல் சீனியும் தண்ணீரும் ஜின்னும் கலந்து குடித்தார்கள், அதுவே ஜின் அன்ட் ரொனிக் ஆயிற்று என்று கதை சொல்வார்கள். 1858இல் லண்டனில் ரொனிக் தண்ணீருக்குக் காப்புரிமை பதிவாயிற்று. 1870களில் ஷ்வெப்ஸ் நிறுவனம் அதை 'இந்தியன் ரொனிக்' என்று விற்கத் தொடங்கியது.

இதில் எங்களுக்கு என்ன வேலை? இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலைப் பூங்கா இருக்கிறதல்லவா, பூப்பார்க்கப் போவோமே, அது 1861இல் சிங்கோனா வளர்ப்பதற்காகவே தொடங்கப்பட்டது. 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது. தோட்டத்துரைமார் பலர் கோப்பியைக் கைவிட்டுச் சிங்கோனாவை நட்டார்கள். தேயிலை பரவுவதற்கு முன்னால் மலைநாட்டில் சிங்கோனாவுக்கு ஒரு குறுகிய பொற்காலம் இருந்தது. 1880களில் எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டையை உரித்துச் சந்தையில் கொட்டினார்கள். ஜாவாவிலிருந்து இன்னும் நல்ல பட்டையும் வந்தது. விலை விழுந்தது. மரங்களை வெட்டிவிட்டுத் தேயிலை நட்டார்கள்.

அந்தப் பட்டையை உரித்த கைகள் சென்னை மாகாணத்திலிருந்து நடந்தும் படகேறியும் வந்த தமிழர்களின் கைகள். கோப்பிக்கு வந்தவர்களும் அவர்கள்தான், தேயிலைக்கு நின்றவர்களும் அவர்கள்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியதும் அவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான். எனவே ரொனிக் போத்தலின் சரித்திரத்தில் தமிழருக்குப் பங்கில்லை என்று தங்கை சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொக்ரெயிலுக்கு முன்னோடி பஞ்ச் என்ற பானம். சாராயம், சீனி, தேசிப்புளி, தண்ணீர், வாசனைச் சரக்கு என்று ஐந்து பொருட்கள். ஐந்தைக் குறிக்கும் 'பஞ்ச' என்ற எங்கள் பக்கத்துச் சொல்லே பெயராயிற்று என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கப்பல்காரர் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1731இல் தொடங்கிய சுவீடன் கிழக்கிந்தியக் கும்பனியின் கப்பல்கள் கிழக்கிலிருந்து சாராயம் கொண்டுவந்தன. சுவீடன்காரருக்கும் நோர்வேக்காரருக்கும் பிடித்த 'புன்ஷ்' அதிலிருந்து வந்தது. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று கொக்ரெயில் என்றால் மது, சீனி, தண்ணீர், கசப்புச் சாறு என்று விளக்கம் எழுதியது 1806இல். அதற்கு நெடுங்காலம் முன்பே எங்கள் கடற்கரைகளில் கலக்கல் நடந்துவிட்டது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. 1805இல் துரொண்ட்ஹைமிலிருந்து ஒரு கப்பல் இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்குப் போனது. அதில் சில பீப்பாய் அக்கவிட், அதாவது உருளைக்கிழங்கில் வடித்து, சீரகத்துக்கு உறவான ஒரு விதையால் மணமூட்டிய நோர்வேச் சாராயம். அங்கே ஒருவரும் வாங்கவில்லை. 1807இல் அப்படியே திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் கப்பலின் ஆட்டத்திலும் வெயிலிலும் ருசி கூடியிருந்ததாம். இன்றும் லீனியே அக்கவிட்டைப் பூமத்தியரேகைக்கு அப்பால் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். போன இடத்தில் ஏற்காமல் திருப்பி அனுப்பப்பட்டதால் மதிப்புக் கூடியது இது ஒன்றுதான். எங்கள் ஆட்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை.

இனி யாழ்ப்பாணம். வானொலியில் இந்தப் பகுதியை நான் மிக இனிமையாகச் சொன்னேன். பனையில் பாளையைச் சீவி முட்டி கட்டுவது, முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் புளித்துக் கள்ளு. பனையோலையைக் கோலி முடிந்த பிளாவில் அதை ஊற்றிக் குடிப்பது. தவறணை என்ற சொல் ஐரோப்பியரிடமிருந்து எங்களிடம் வந்து தங்கியது. திக்கத்து வடிசாலையில் பனங்கள்ளிலிருந்து சாராயம் வடித்தது. எங்கள் அப்பப்பா விடியற்காலையில் கோடிப்புறத்தில் குந்தியிருந்து பிளாவை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்த அழகையும் சொன்னேன். பலர் அழைத்து, ஊர் ஞாபகம் வந்தது என்றார்கள்.

மறுநாள் அழைத்தவர் அப்படிச் சொல்லவில்லை.

"அண்ணை, நான் உங்கட ஊர்தான். உங்கட அப்பப்பாவுக்குக் கள்ளு இறக்கினவற்ற பேரன். உரை நல்லாயிருந்தது. பிளாவைச் சொன்னீங்கள். சிரட்டையைச் சொல்லேல்லையே?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. சிரட்டை எனக்கு மறந்துபோகவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது, அதனால்தான் சொல்லாமல் விட்டேன்.

அவருடைய பாட்டனார் ஒரு நாளைக்கு எத்தனை பனை ஏறி இறங்கினாரோ, நான் எண்ணியதில்லை. நெஞ்சிலும் கணுக்காலிலும் தழும்பு. வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து, கோடிப்புறத்தில் நின்று, "நயினார்" என்று கூப்பிடுவார். அப்பப்பாவைவிட வயதில் மூத்தவர். அப்பப்பா அவரை 'டேய்' என்றுதான் அழைப்பார். அவர் இறக்கிய கள்ளு அப்பப்பாவின் வயிற்றுக்குள் போகலாம், அவர் எங்கள் திண்ணைக்கு வரக்கூடாது. வெயிலில் தண்ணீர் கேட்டால் அப்பாச்சி செம்பிலிருந்து உயர்த்தி ஊற்றுவா. அவர் அதை வாங்கிக் குடிக்க வேலியில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். அது அவருக்கு மட்டும். சின்ன வயதில் ஒருநாள் விளையாட்டாக அந்தச் சிரட்டையை எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோனதற்கு நான் பூவரசந் தடியால் அடி வாங்கினேன். இதை நான் எந்த உரையிலும் சொன்னதில்லை.

"சொல்லியிருக்க வேணும் தம்பி" என்றேன். "எழுத்தில வரேக்க சொல்லுங்கோ" என்றார். சொல்லிவிட்டேன்.

நோர்வேக்காரருக்கும் மதுவில் ஒளித்து விளையாடிய காலம் உண்டு. 1916 டிசெம்பரில் சாராய வகைகளுக்குத் தற்காலிகத் தடை வந்தது. 1919இல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 62 வீதமானோர் தடையை ஆதரித்தார்கள். பிறகு என்ன நடந்தது? கள்ளக்கடத்தல் பெருகியது, வீட்டில் வடித்தார்கள், டொக்டர்மார் மருந்துச்சீட்டில் பிராந்தி எழுதிக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய இடி மீனால் வந்தது. எங்கள் வைனை வாங்காவிட்டால் உங்கள் மீனை வாங்கமாட்டோம் என்று ஸ்பெயினும் போர்த்துக்கலும் நெருக்கின. 1922இல் அரசு வின்மொனொபோலேயைத் தொடங்கியது. 1926 வாக்கெடுப்பில் சுமார் 56 வீதமானோர் தடை வேண்டாம் என்றார்கள். 1927இல் தடை போயிற்று, கடை நின்றுவிட்டது. மீன்தான் இந்த நாட்டுக்கு வைனைத் திறந்துவிட்டது என்று சொன்னால், பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க நின்ற எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

நானும் 1986இல் வந்து வடக்கே மீன் வெட்டியவன். கோப்பியும் வீட்டுச் சாராயமும் கலந்த கர்ஸ்க் என்ற பானத்தை அங்கேதான் கண்டேன். கோப்பைக்குள் ஒரு குற்றியைப் போடு, அது மறையும் வரை கோப்பி ஊற்று, மறுபடி தெரியும் வரை சாராயம் ஊற்று என்று பகிடியாகச் சொல்லித் தந்தார்கள். என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பருக்கு அது பகிடியாக நிற்கவில்லை. சூரியன் வராத மாதங்கள், கடிதம் வராத கிழமைகள். அவர் யாரோடும் சேர்ந்து குடித்ததில்லை. கட்டிலுக்கடியில் போத்தல், போர்வைக்குள் கிளாஸ். எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். நாற்பது வயதுக்கு முன்பே போய்விட்டார். ஊருக்கு 'நெஞ்சுவலி' என்று அறிவித்தோம்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்தோம். அந்த நாட்களில் வின்மொனொபோலேயில் இலக்கம் எடுத்து வரிசையில் நிற்க வேண்டும். போத்தல்கள் கவுண்டருக்குப் பின்னால். 1999இல்தான் நாங்களே எடுக்கும் முறை தொடங்கியது. வரிசையில் இன்னொரு தமிழரைக் கண்டால் இரண்டுபேரும் சுவரைப் பார்ப்போம். அடுத்த கிழமை கோயிலில் கண்டு, "கன நாளாக் காணேல்லை" என்று கைகொடுப்போம்.

ஆகவே மருமகள் பல்கனியில், தாய் தகப்பனுக்கு முன்னால், அளந்து ஊற்றியபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவள் அளந்தாள் என்பதைத்தான் கவனித்தேன். நாலு சென்ரிலீற்றர், அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. ஒன்றோடு நிறுத்தினாள். பொது இடத்தில் குடிப்பது இங்கே சட்டப்படி தடை என்பதால் தீவுக்கு அவள் கொண்டுவந்தது தேசிக்காய்த் தண்ணீர் மட்டும். பலமான மதுவுக்கு இருபது வயது என்ற சட்டத்தைத் தன் தம்பிக்கும் ஞாபகப்படுத்தினாள். எங்கள் தலைமுறையில் யார் அளந்து குடித்தோம்? ஒளித்துக் குடிப்பவன் அவசரமாகத்தான் குடிப்பான்.

தங்கைக்கு என்னுடைய இந்த நியாயம் பிடிக்கவில்லை. குடிகாரத் தகப்பன்மாரால் அழுத பெண்களை அவளுக்கு என்னைவிட அதிகம் தெரியும். "உங்கட சரித்திரத்தை வானொலியில வைச்சிருங்கோ அண்ணா" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அவளுக்கு மருமகள் தேசிக்காயும் உப்பும் சோடாவும் கலந்து அதே மாதிரிக் கிளாசில் கொடுத்தாள். கொஞ்சம் பார்த்துவிட்டுக் குடித்தாள்.

தொலைபேசியில் அழைத்த தம்பி மோட்டன்ஸ்ருட் பக்கம் இருக்கிறார். ஒரே ஊர், இவ்வளவு கிட்ட, இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று. வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டேன். முதலில் தயங்கினார், பிறகு மனைவியோடு வருவதாகச் சொன்னார். மருமகளுக்கு விஷயம் முழுவதையும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பஞ்ச் கலக்கப் போகிறாளாம்: கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த தென்னஞ் சாராயம், தேசிப்புளி, பனங்கட்டிப் பாகு, ஆறவைத்த தேத்தண்ணி, கொஞ்சம் ஏலக்காய். சாராயம் இல்லாமல் இன்னொரு சட்டியும் வைப்பாள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ் வேண்டுமென்று ஆறு வாங்கி வந்திருக்கிறாள்.

மச்சான், நாங்கள் ஏழு பேர் என்று எண்ணிச் சொன்னார். அவள் இன்னொன்று வாங்கப் போயிருக்கிறாள்.