குறைமாதக் குழந்தையின் குடலில் முதலில் குடியேறுவது எது?

பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனை, தமிழ்நாட்டில் இன்னும் முற்றாக மறையவில்லை. மருத்துவர்கள் அதைத் தடுப்பதற்குக் காரணம் உண்டு: வாய்க்குள் முதலில் போவதோடு கிருமியும் போகிறது. ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் ஒன்றரைக் கிலோ எடையோடு எட்டாம் மாதம் பிறந்து, மூச்சுத் திணறலுக்காகச் செங்கல்பட்டுக்கோ எழும்பூருக்கோ அனுப்பப்படும் குழந்தைக்கு அந்த 'முதல்' எங்கிருந்து வருகிறது? சிசேரியன் ஆன தாய் ஊரில் தங்கிவிட்டால் அவளிடமிருந்து வராது. மூக்குவழிக் குழாய், வார்மர், செவிலியரின் கை, பக்கத்துப் படுக்கைக் குழந்தை ஆகியவற்றிலிருந்தே வரும்.

இந்தக் கேள்வியின் வரலாறு 1885இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மியூனிக்கில் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக், பிறந்த குழந்தைகளின் மலத்தை நாள்தோறும் சோதித்து, சில மணி நேரங்களிலேயே கிருமிகள் குடலை அடைவதைக் கண்டார். ஈ.கோலை அவர் பெயரையே தாங்குகிறது. அடுத்து, பாரிஸில் ஹென்றி டிசியே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் குடலில் பிஃபிடோபாக்டீரியா என்னும் நல்ல கிருமிகள் நிறைந்திருப்பதைக் காட்டினார். இவ்வளவு தெரிந்திருந்தும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவமனைகள் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துக் கண்ணாடி அறைக்குள் வைப்பதையே தூய்மை என்று நம்பின. 1950களில் அந்த அறைகளிலேயே ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி பரவியது. பின்னர் கிளெப்சியெல்லா போன்ற குடல்வாழ் கிருமிகள் முன்னுக்கு வந்தன.

குறைமாதக் குழந்தையின் குடல் இத்தகைய கிருமிகளுக்கு இடம் கொடுப்பது தற்செயலல்ல. வயிற்று அமிலம் குறைவு, குடற்சுவர் மெல்லியது. சந்தேகத்தின் பேரில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளை அழித்து, மருந்துக்கு அடங்காதவற்றுக்கு இடம் ஒதுக்குகிறது. அவை குடலில் பெருகி, சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கின்றன. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரத்தத் தொற்று கண்ட 11 குழந்தைகளில் 7 பேரின் மலத்தில் அதே கிருமி முன்கூட்டியே இருந்தது.

இந்தியாவில் நிலைமை இன்னும் கடுமை. 2002-03ஆம் ஆண்டின் தேசியப் பச்சிளங்குழந்தைத் தரவில், தொற்றுக்குக் காரணமான கிருமிகளில் கிளெப்சியெல்லாவே முதலிடம். வலிமையான ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்னும் நொதியைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், அதைக் கொண்ட 44 கிருமி மாதிரிகள் சென்னையில் மட்டும் கிடைத்தன. தில்லியின் மூன்று மருத்துவமனைகளில் 13,530 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அதில் அசினெட்டோபாக்டர் என்னும் கிருமி முதலிடம் பிடித்தது. தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்திலேயே தோன்றின. இந்த அவசரம் என்னை உலுக்குகிறது: பிரசவ அறையிலிருந்தே குடியேற்றம் தொடங்கிவிடுகிறது.

நல்ல கிருமியைக் கையால் கொடுத்துவிடலாமா? ஒடிசாவில் 4,556 குழந்தைகளுக்கு நடந்த சோதனையில் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் கலவை, தொற்றையும் மரணத்தையும் சேர்த்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைத்தது. ஆனால் அவர்கள் கருவில் 35 வாரம் நிறைந்த, 2 கிலோவுக்குக் குறையாத குழந்தைகள். அந்த முடிவை ஒரு கிலோ குழந்தைக்கு நீட்டுவது தவறு. இப்படி நல்லதென்று கொடுத்த புரோபயாடிக் கிருமியே தொற்றாகி ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததால் 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

எனவே நம்பத்தக்க வழி பழையதே: தாயும் அவள் பாலும். மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்மார்களைக் குழந்தைப் பராமரிப்புக்குள் கொண்டுவந்தார். 1989இல் தாய்ப்பால் வங்கியும் தொடங்கினார். பின்னாளில் தமிழக அரசு மருத்துவமனைகளிலும் அத்தகைய வங்கிகள் வந்தன. வங்கிப் பால் பசியாற்றும். ஆனால் பதப்படுத்தும்போது அதிலுள்ள உயிர்க்கிருமிகள் மடிந்துவிடும். தாயின் சொந்தச் சீம்பாலும் தோலும் தருவதை அது தராது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், பிறந்தவுடனே தாயின் மார்போடு அணைத்து வைத்த குழந்தைகளில் 28 நாள் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்ததை 2021 ஆய்வு காட்டியது. அந்த வார்டுகளில் தாய்க்கும் படுக்கை இருந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து புறப்படும் ஆம்புலன்ஸில், உடல்நிலை அனுமதிக்கும் தாயும் ஏற வேண்டும். அனுமதிக்காவிட்டால் பீய்ச்சிய பால் குளிர்பெட்டியில் அன்றாடம் போய்ச் சேர வேண்டும். போகும் இடத்தில் குழந்தைக்கு அருகே அவளுக்கும் ஒரு கட்டில் ஒதுக்க வேண்டும்.